கோப்பு அனுப்பும் மென்பொருள்களின் கதை - எஃப்டிபி முதல் மேகம் வரை

ஃபைல்ஸில்லாவை நம்மில் பலர் பயன்படுத்தியிருப்போம். இடப்பக்கம் நம் கணினி, வலப்பக்கம் சர்வர். இங்கிருந்து அங்கே இழுத்துப் போட்டால் கோப்பு போய்ச் சேர்ந்துவிடும். வேலை முடிந்ததும் மூடிவிடுவோம். ஒருமுறை அதன் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து பாருங்கள். 'ஆக்டிவ்', 'பாஸிவ்' என்று இரண்டு தேர்வுகள் இருக்கும். 'ஆஸ்கி', 'பைனரி' என்று வேறு இரண்டு. புதிய தளம் ஒன்றைச் சேர்க்கப் போனால் எஃப்டிபி, எஸ்எஃப்டிபி என்று இரட்டைப் பிள்ளைகள் மாதிரிப் பெயர்கள். இதையெல்லாம் யார் வைத்தார்கள், எதற்கு வைத்தார்கள் என்று தேடிப் போனால் ஐம்பது வருடத்துக்கும் மேற்பட்ட கதை ஒன்று கிடைக்கிறது. வலையமைப்பில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் நம்பியது எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது என்ற கதையாகத்தான் எனக்கு அது தெரிகிறது.

1971 ஏப்ரலில் எம்ஐடியில் இருந்த அபய் பூஷண் என்பவர் ஆர்எஃப்சி 114 என்ற ஆவணத்தை எழுதினார். அதுதான் எஃப்டிபியின் பிறப்புச் சான்றிதழ். இவர் நம்ம ஊர்க்காரர் தெரியுமா? அலகாபாத்தில் பிறந்தவர், ஐஐடி கான்பூரின் முதல் பேட்ச் மாணவர், 1965இல் அங்கே பட்டம் பெற்றவர். இணையத்தின் தாத்தாவான அர்ப்பாநெட்டில் அப்போது இருந்தவை சொற்பக் கணினிகளே. பெரும்பாலும் பல்கலைக்கழகங்களும் ஆராய்ச்சிக்கூடங்களும்தான். யார் எந்தக் கணினியில் உட்கார்ந்திருக்கிறார் என்பதுகூடத் தெரிந்திருக்கக்கூடிய சின்ன உலகம்.

அந்தச் சின்ன உலகத்தின் தலைவலி திருடர்கள் அல்ல, கணினிகளே. ஊருக்கு ஊர் படியும் மரக்காலும் வேறாக இருந்த மாதிரி, ஒவ்வொரு கணினிக்கும் ஒரு கணக்கு. பிடிபி-10 கணினியில் ஒரு சொல் என்பது 36 பிட். ஐபிஎம் 360இல் எழுத்துகளுக்கு எப்சிடிக் என்ற தனிக்குறியீடு. ஆங்கிலத்தின் முதல் பெரிய எழுத்துக்கு ஆஸ்கியில் 65, எப்சிடிக்கில் 193. ஒரு கணினியில் இருப்பதை அப்படியே இன்னொன்றில் கொண்டுபோய்க் கொட்டினால் குப்பைதான் மிஞ்சும். அதனால்தான் அனுப்பும்போதே 'இது எழுத்து, மொழிபெயர்த்துக்கொள்' அல்லது 'இது வெறும் பிட்டுகள், கை வைக்காதே' என்று சொல்லும் வசதி வந்தது. அதுவே இன்றைய ஆஸ்கி, பைனரி தேர்வு.

எப்சிடிக் நம் வாழ்க்கையில் இல்லை. ஆனால் அந்தத் தேர்வு இருக்கிறது, இன்னும் கடிக்கிறது! ஆஸ்கி முறையில் அனுப்பும்போது வரி முடிவுகள் மாற்றி எழுதப்படும். விண்டோஸில் வரி முடிவுக்கு இரண்டு குறிகள், யூனிக்ஸில் ஒன்று. உரைக்கோப்புக்கு இது உதவி. அதே முறையில் ஒரு ஜிப் கோப்பை அனுப்பினால், வரி முடிவு மாதிரித் தெரிகிற பைட்டுகளையெல்லாம் திருத்தி வைத்துவிடும், கோப்பு திறக்காது. 1985இல் ஜான் போஸ்டலும் ஜாய்ஸ் ரெனால்ட்ஸும் எழுதிய ஆர்எஃப்சி 959தான் எஃப்டிபிக்கு இன்றும் அடிப்படை. அதன்படி எதுவும் சொல்லாவிட்டால் ஆஸ்கி என்றே எடுத்துக்கொள்ளவேண்டும். ஃபைல்ஸில்லா கோப்பின் பின்னொட்டைப் பார்த்துத் தானாக முடிவெடுப்பது இந்தத் தொல்லையிலிருந்து நம்மைக் காப்பாற்றத்தான்.

அடுத்தது அந்த ஆக்டிவ், பாஸிவ். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி இது. எஃப்டிபி இரண்டு இணைப்புகளில் வேலை செய்கிறது. கட்டளைகள் 21ஆம் போர்ட்டில் போகும். சரக்கு வேறொரு இணைப்பில் வரும். மூல வடிவமைப்பில் சரக்கு இணைப்பைத் தொடங்குவது சர்வர்தான். 'நான் இந்த முகவரியில், இந்தப் போர்ட்டில் காத்திருக்கிறேன், நீ என்னைக் கூப்பிடு' என்று நம் கணினி சொல்லும். சொல்லும் விதமும் வேடிக்கை. 192,168,1,5,7,138 என்று ஆறு எண்கள். முதல் நான்கும் முகவரி. கடைசி இரண்டில் முன்னதை 256ஆல் பெருக்கிப் பின்னதைக் கூட்டினால் போர்ட், அதாவது 1930.

1971இல் இது சரி. யார் கூப்பிட்டாலும் கதவைத் திறக்கலாம். 1990களில் அலுவலகங்களும் கல்லூரிகளும் ஃபயர்வால் வைக்கத் தொடங்கின. வெளியிலிருந்து வரும் அழைப்பு எதுவானாலும் 'யாரது?' என்று தடுத்துவிடும். நாம் வரச்சொன்ன சர்வர் என்று அதற்கு எப்படித் தெரியும்? உள்ளே நுழைந்து பாஸ்வேர்டும் கொடுத்தாகிவிட்டது, ஆனால் கோப்புப் பட்டியல் மட்டும் வராமல் அப்படியே தொங்கும். 1994 பிப்ரவரியில் ஸ்டீவ் பெல்லோவின் ஆர்எஃப்சி 1579ஐ எழுதி, ஏற்கெனவே நெறிமுறைக்குள் இருந்த பாஸிவ் முறையையே எல்லா மென்பொருள்களும் பயன்படுத்தலாம் என்றார். இதில் சர்வர் ஒரு போர்ட்டைத் திறந்து வைக்கும், இரண்டாவது இணைப்பையும் நாமே தொடங்குவோம். ஒரே வீட்டு இணைப்பைப் பல கணினிகள் பகிரும் காலம் வந்ததும் வேறு வழியே இல்லாமல் போய்விட்டது. இன்று பெரும்பாலான மென்பொருள்கள் பாஸிவையே முதலில் முயல்கின்றன.

அந்த ஆறு எண்களில் இன்னொரு வில்லங்கமும் இருந்தது. அதில் நம் முகவரியைத்தான் தரவேண்டும் என்று கட்டாயம் இல்லை. மூன்றாவது கணினியின் முகவரியைத் தரலாம். ஒரு சர்வரிலிருந்து இன்னொரு சர்வருக்கு நேராகக் கோப்பை அனுப்ப வைத்த நல்ல வசதி அது. பிற்பாடு, அடுத்தவன் சர்வர் முதுகில் ஏறிக்கொண்டு வேறு கணினிகளை நோட்டம் விட அதையே பயன்படுத்தினார்கள். பிறகென்ன, வசதியைப் பூட்டவேண்டியதாயிற்று.

நம்பிக்கை நன்றாக வேலை செய்த காலமும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். 'அனானிமஸ்' என்று பெயர் கொடுத்து, பாஸ்வேர்டு இடத்தில் மரியாதைக்கு உங்கள் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தால் போதும், உலகத்தில் யாரும் தரவிறக்கிக்கொள்ளலாம். எந்தத் தளத்தில் என்ன இருக்கிறது என்று தேட, 1990இல் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஆலன் எம்டேஜ் ஆர்ச்சியை உருவாக்கினார். கூகுளுக்கு எட்டு வருடம் மூத்த தேடுகருவி அது. லினக்ஸ் உலகத்துக்கு வந்ததும் இந்த வாசல் வழியாகத்தான். 1991 செப்டம்பரில் லினஸ் டோர்வால்ட்ஸின் நிரல் பின்லாந்தின் ஃபுனெட் எஃப்டிபி சர்வரில் வைக்கப்பட்டது. அவர் வைக்க நினைத்த பெயர் 'ஃப்ரீக்ஸ்'. சர்வரைப் பார்த்துக்கொண்ட அரி லெம்கே அந்தப் பெயர் பிடிக்காமல் ஃபோல்டருக்கு 'லினக்ஸ்' என்று பெயர் வைத்துவிட்டார். ஒரு ஃபோல்டரின் பெயர் இன்றைக்கு எங்கே போய் நிற்கிறது பாருங்கள்!

எஃப்டிபியின் பெரிய ஓட்டை பாஸ்வேர்டு. அது எந்த மறைப்பும் இல்லாமல் வெறும் எழுத்தாகவே கம்பியில் போகும். அன்றைய ஈதர்நெட்டில் ஒரே கம்பியில் இருக்கும் எல்லாக் கணினிகளுக்கும் எல்லாம் கேட்கும். ஒருவன் ஒட்டுக்கேட்கும் நிரலை ஓடவிட்டால் போதும். 1995இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் நடந்தது இதுதான். அங்கே இருந்த டாட்டு யுலோனென் கடுப்பாகி எஸ்எஸ்எச் எழுதினார். தான் மாற்ற நினைத்த எஃப்டிபிக்கு 21, டெல்நெட்டுக்கு 23. நடுவில் 22 காலியாக இருந்தது. போர்ட் எண்களைக் கவனித்துக்கொண்ட அமைப்புக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டார், கொடுத்துவிட்டார்கள். இன்று யாராவது அப்படிக் கேட்டு வாங்க முடியுமா!

எஸ்எஃப்டிபி பிறகு அந்த எஸ்எஸ்எச்சுக்குள் வளர்ந்தது. பெயரைப் பார்த்து 'பூட்டுப் போட்ட எஃப்டிபி' என்று நினைப்பவர்கள் அதிகம். அது எஃப்டிபியின் உறவுக்காரரே இல்லை. ஒரே இணைப்பு, ஒரே போர்ட், ஆக்டிவ் பாஸிவ் தகராறு கிடையாது. பழைய எஃப்டிபிக்கே டிஎல்எஸ் பூட்டுப் போட்டது எஃப்டிபிஎஸ், அது வேறு. எஸ்எஃப்டிபியின் வரைவு ஆவணம் கடைசிவரை ஆர்எஃப்சி ஆகவே இல்லை என்பது இன்னொரு தமாஷ். எஸ்எஃப்டிபியில் முதன்முறை நுழையும்போது 'இந்தச் சர்வரின் சாவி எனக்குத் தெரியாது, நம்பலாமா?' என்று ஒரு பெட்டி வருமே, அதைப் படிக்காமல் சரி என்று அழுத்துவோம். ஆனால் விஷயம் அதில்தான் இருக்கிறது. எஃப்டிபி நம்மை மட்டுமே யார் என்று கேட்டது. எதிரே இருப்பது உண்மையான சர்வர்தானா என்று நாம் கேட்க வழியே வைக்கவில்லை.

மற்ற வசதிகளை வேகமாகப் பார்த்துவிடுவோம். பாதியில் அறுந்த தரவிறக்கத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்வது டயல்-அப் காலத்தில் உயிர் காத்த வசதி. மென்பொருள்கள் முன்பே செய்துகொண்டிருந்ததை 2007இல்தான் ஆர்எஃப்சி 3659 முறைப்படி எழுதிவைத்தது. கோப்பில் மாறிய பகுதியை மட்டும் அனுப்பும் ஆர்சிங்க், 1996இல் ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெலும் பால் மக்கெராஸும் எழுதியது. ஃபைல்ஸில்லாவே 2001 ஜனவரியில் டிம் கோஸேயும் இரண்டு வகுப்புத் தோழர்களும் தொடங்கிய கல்லூரி ப்ராஜெக்ட்! (நம்ம ப்ராஜெக்ட்டெல்லாம் வைவா முடிந்ததும் செத்துவிடுகிறது, அது வேறு கதை.)

2006 மார்ச்சில் அமேசான் எஸ்3 வந்ததும் ஆட்டமே மாறியது. அதில் ஃபோல்டர் என்பதே கிடையாது. 'படங்கள்/கோவில்.ஜேபிஜி' என்பது முழுக்க ஒரே பெயர், நடுவில் உள்ள சாய்கோடும் பெயரின் ஒரு எழுத்து. சைபர்டக், வின்எஸ்சிபி போன்றவை நம் கண்ணுக்கு ஃபோல்டராக வரைந்து காட்டுகின்றன, அவ்வளவுதான். வழக்கமான எஸ்3 பக்கெட்டில் நீங்கள் ஒரு 'ஃபோல்டரின்' பெயரை மாற்றினால், உள்ளே இருக்கும் ஒவ்வொரு கோப்பும் புதிய பெயரில் நகலெடுக்கப்பட்டுப் பழையது அழிக்கப்படும். பத்தாயிரம் கோப்பு இருந்தால் பத்தாயிரம் முறை. அறுந்து போகும் பிரச்சினைக்கும் 2010 நவம்பரில் வேறு விடை வந்தது. பெரிய கோப்பைத் துண்டுகளாக்கி ஒரே நேரத்தில் பல துண்டுகளை ஏற்றுவது. அறுந்தால் அந்தத் துண்டை மட்டும் திரும்ப அனுப்பினால் போதும். பாதியில் கைவிட்ட துண்டுகள் அங்கேயே கண்ணுக்குத் தெரியாமல் கிடந்து வாடகை ஏற்றிக்கொண்டிருக்கும் என்பதை மட்டும் ப்ராஜெக்ட் செய்பவர்கள் நினைவில் வையுங்கள்.

இதற்கிடையில் பழைய வாசல்கள் மூடப்பட்டன. டெபியனின் பொது எஃப்டிபி 2017 நவம்பரில் நின்றது. 2021இல் ஃபயர்ஃபாக்ஸும் குரோமும் எஃப்டிபியைக் கழற்றிவிட்டன. கம்பியில் போகும்போது பூட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தவர்களுக்கு 2023 மே மாதம் அடி விழுந்தது. நிறுவனங்கள் பத்திரமாகக் கோப்பு அனுப்பவென்றே வாங்கும் மூவ்இட் மென்பொருளின் இணையப் பக்கத்தில் இருந்த எஸ்க்யூஎல் ஓட்டை வழியாகக் க்ளாப் கும்பல் நுழைந்து, ஆயிரக்கணக்கான நிறுவனங்களின் தரவுகளை அள்ளிக்கொண்டு போனது. வழியில் யாரும் எதையும் உடைக்கவில்லை. போய்ச் சேர்ந்த இடத்திலிருந்தே எடுத்துக்கொண்டார்கள்.

ஆனாலும் எஃப்டிபி சாகவில்லை. வங்கிகளிலும் தொழிற்சாலைகளிலும் இருபது வருடமாக ஓடும் நிரல்களை யாரும் மாற்றி எழுதத் தயாராக இல்லை. அதனால் அமேசான் 2018 நவம்பரில் எஸ்3இன் முன்னால் எஸ்எஃப்டிபி வாசல் ஒன்றைக் கட்டிக்கொடுத்தது. 2020 ஏப்ரலில் எஃப்டிபிஎஸ்ஸையும் கூடவே அந்தப் பழைய எஃப்டிபியையும் சேர்த்தது. எஃப்டிபிக்கு மட்டும் ஒரு நிபந்தனை. அதை வெளியுலகத்துக்குத் திறக்க விடமாட்டார்கள், வாடிக்கையாளரின் சொந்தத் தனி வலையமைப்புக்குள் இருக்கும் கணினிகளுக்கு மட்டும்தான் அந்த வாசல்.