சரபோஜி மன்னரின் கண் மருத்துவ ஏடுகள்

தலைநகர் வாழ் தமிழ்க் குடும்பங்களுக்கு ஐ.என்.ஏ. மார்க்கெட் புதிதன்று. முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாழைப்பூவும் நாடி அங்குச் செல்லாதார் நம்மிடையே மிகச் சிலரே. அதற்கு அணித்தே 1956-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகம் உள்ளது. அதன் கண் மருத்துவப் பிரிவான இராஜேந்திர பிரசாத் மையத்தில் என் தாயாருக்குக் கண்புரை நீக்கப்பட்டது. மறுவாரம் மார்க்கெட்டிற்கு உடன் வந்த என் மகன், “பாட்டி, இந்த வைத்தியமெல்லாம் வெள்ளைக்காரர் தந்ததுதானே? நம்மிடம் என்ன இருந்தது?” என்று வினவினான். “தஞ்சாவூருக்கு வா, காட்டுகிறேன்” என்றார் அவர்.

அக்கோடை விடுமுறையில் சரசுவதி மகால் நூலகத்தின் அருங்காட்சியகத்தைக் குடும்பத்தோடு கண்டோம். 1798 முதல் 1832 வரை தஞ்சையில் அரசு கட்டிலில் இருந்த இரண்டாம் சரபோஜி மன்னர், செருமானியப் பாதிரியார் சுவார்ட்சிடம் கல்வி பயின்றவர். அவர் அமைத்த தன்வந்திரி மகாலில் சித்தம், ஆயுர்வேதம், யுனானி, ஐரோப்பிய மருத்துவம் ஆகிய நான்கும் ஒருங்கே ஆராயப்பட்டன. அங்குத் தேறிய மருந்து முறைகள் தமிழ்ச் செய்யுளாக்கப்பட்டு, ‘சரபேந்திர வைத்திய முறைகள்’ என்னும் பெயரால் பின்னாளில் அச்சேறின.

அவற்றினும் வியப்புக்குரியவை அந்நூலகம் காத்துவரும் கண் நோயாளர் குறிப்புகளாகும். நோயாளியின் நோய்நிலை, அளித்த சிகிச்சை ஆகியவற்றோடு கண்ணின் ஓவியமும் அவற்றில் இடம்பெற்றுள்ளது. சில ஆங்கிலத்திலும், சில மராட்டியரின் மோடி எழுத்திலும் அமைந்தவை. அண்மைக் காலத்தில் சென்னைக் கண் மருத்துவர்கள் அவற்றுள் ஐம்பது ஏடுகளை ஆராய்ந்து, இன்றைய மருத்துவ முறையோடு ஒப்பிட்டு எழுதியுள்ளனர்.

ஆகவே மகனின் வினாவுக்கு, “எல்லாம் நம்முடையதே” என்று விடை கூறுதல் உண்மையாகாது. “எல்லாம் அவர்கள் தந்ததே” என்பதும் பொருந்தாது. நல்லது எத்திசையினின்று வரினும் ஏற்று, சோதித்து, எழுதி வைத்தமையே தஞ்சையின் பெருமையாகும். எழுதி வைத்திராவிடில் இன்று எதனைக் காட்டியிருப்போம்?

ஓர் ஓலைச்சுவடியின் முன் என் மகன் திகைத்து நின்றான். தில்லியில் பயிலும் அவனுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. என் தாயார் கண்ணாடிப் பேழையருகே குனிந்து, புரை நீங்கிய கண்ணால் ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்துக் காட்டினார்.

மருத்துவர் அவருக்குப் பார்வையை மீட்டளித்தார். நம் மக்களுக்கு எழுத்தை அளிக்க வேண்டியவர் நாமே அன்றோ!