நேர்காணலிலிருந்து விருப்பப் பட்டியல் வரை: பெங்களூரில் கல்லூரி இடம் தேடிய வரலாறு

பெங்களூரின் பொறியியல், மருத்துவக் கல்லூரிகளில் இடம் பிடிக்கக் குடும்பங்கள் கையாண்ட உத்திகள், சேர்க்கை விதிகள் மாறிய போதெல்லாம் மாறியவை. விதி எதை அளந்ததோ, அதையே பெற்றோர் தேடிச் சேர்த்தனர். 1960களின் மைசூர் மாநிலத்தில் (இன்றைய கர்நாடகம்) பாட மதிப்பெண்ணோடு நேர்காணலுக்கும் மதிப்பெண் உண்டு. குறிப்பிட்ட பாடங்களின் உச்ச மதிப்பெண்ணில் 25 விழுக்காடு அதற்கு ஒதுக்கப்பட்டிருந்தது. பொது அறிவு, ஆளுமை, என்.சி.சி. பயிற்சி முதலியவற்றைத் தேர்வுக் குழு எடைபோட்ட இம்முறையை, சித்ரலேகா வழக்கில் 1964இல் உச்ச நீதிமன்றமும் ஏற்றது. சரளமாகப் பேசிப் பழகிய வீட்டுப் பிள்ளைகளுக்கு இதில் ஆதாயம் இருந்ததை மறுப்பது கடினம்.

தனியார் கல்லூரிகள் பெருகியதும் பேச்சின் இடத்தைப் பணம் பிடித்துக்கொண்டது. நன்கொடை என்ற பெயரில் கட்டணத்துக்கு மேல் பெறப்பட்ட தொகையைத் தடைசெய்யக் கர்நாடகம் 1984இல் சட்டம் இயற்றிற்று. ஆனால் 1989ஆம் ஆண்டு அரசாணையே தனியார் மருத்துவக் கல்லூரிகளில் அரசு இடத்துக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாயும், பிற கர்நாடக மாணவருக்கு 25,000 ரூபாயும், வெளிமாநிலத்தாருக்கு 60,000 ரூபாய் வரையும் அனுமதித்தது. மோகினி ஜெயின் வழக்கில் 1992இல் உச்ச நீதிமன்றம் இதை நன்கொடையின் மறுவடிவம் என்று கருதி நீக்கியது. மறு ஆண்டு உன்னிகிருஷ்ணன் வழக்கின் தீர்ப்பு, இடங்களில் பாதியை இலவச இடமாகவும் பாதியைக் கட்டண இடமாகவும் பிரித்து, இரண்டையும் தகுதி வரிசைப்படியே நிரப்பச் சொன்னது. அந்த ஏற்பாட்டை நடத்த 1994இல் பிறந்ததே சி.இ.டி. எனும் பொது நுழைவுத் தேர்வு.

தொடக்கத்தில் கலந்தாய்வுக்கு நேரில் வந்த மாணவர், தமக்கு முன்னிருந்தோர் எடுத்தவை போக எஞ்சிய இடங்களிலிருந்து தேர்ந்தெடுத்தார். பின்னர் அது இணையவழி ‘ஆப்ஷன் என்ட்ரி’, அதாவது கல்லூரியையும் பாடப்பிரிவையும் விருப்ப வரிசையில் பதிவுசெய்யும் முறை, ஆயிற்று. கணினி தரவரிசைப்படி ஒவ்வொருவரையும் எடுத்து, அவருடைய பட்டியலில் மேலிருந்து கீழாக வந்து, முதலில் காலியாகக் காணும் இடத்தை அவருக்கு ஒதுக்குகிறது. ஆகவே எட்டாத கல்லூரியை முதலில் எழுதியவர் எதையும் இழப்பதில்லை. கிடைக்காது என்று அஞ்சி அதை நீக்குபவரே இழக்கிறார். சென்ற ஆண்டின் கடைசித் தரவரிசை எண்களை மனப்பாடமாக ஒப்பிக்கும் பெற்றோர் பலரும் இந்த எளிய கணக்கைக் கவனிப்பதில்லை. உண்மையான சூட்சுமம் ஒதுக்கீட்டுக்குப் பின்னரே வருகிறது: கிடைத்ததை ஏற்றுச் சேர்வதா, ஏற்றுக்கொண்டே அடுத்த சுற்றுக்குக் காத்திருப்பதா, மறுத்துவிட்டுக் காத்திருப்பதா, முற்றிலும் விலகுவதா என்ற நான்கு வழிகளில் ஒன்றை மாணவர் தெரிவிக்க வேண்டும்.

டி.எம்.ஏ. பாய் வழக்கின் 2002ஆம் ஆண்டுத் தீர்ப்பு உன்னிகிருஷ்ணன் திட்டத்தைத் தகர்த்தபின், தனியார் கல்லூரிகளின் கூட்டமைப்பான காமெட்-கே தனித் தேர்வு நடத்தலாயிற்று. ஒரே மாணவர் இரண்டு தேர்வும் எழுதுவது வழக்கமாயிற்று. மற்றொரு வழியையும் சிலர் கண்டனர்: சேர எண்ணமில்லாதவர் பெயரில் நல்ல இடங்களைக் கடைசிச் சுற்றுவரை பிடித்துவைத்தால், நிரம்பாத அந்த இடங்கள் கல்லூரி நிர்வாகத்திடம் திரும்பும். இந்த ‘சீட் பிளாக்கிங்’ குறித்து, சி.இ.டி.யை நடத்தும் கர்நாடகத் தேர்வு ஆணையமே 2024இல் காவல்துறையில் புகார் அளித்தது.