ஆயர் வீட்டு முட்டை

சில ஆண்டுகளுக்கு முன் லண்டனில் அம்மாவை வைத்தியசாலையில் சேர்த்திருந்தோம். மூன்று நாட்களாகச் சாப்பாட்டுத் தட்டு தொடப்படாமலே திரும்பிப் போனது. சாப்பாடு எப்படி என்று தாதி கேட்கும்போதெல்லாம் அம்மா "நைஸ்" என்றார். தாதி நகர்ந்ததும் என்னிடம், "உப்புமில்லை, புளியுமில்லை, சப்பெண்டு கிடக்கு தம்பி" என்றார்.

நான் தாதியிடம் போய், சாப்பாடு 'பிளாண்ட்' என்று முறையிட்டேன். அவர் படிவத்தைப் பார்த்துவிட்டு, "ஆம், அப்படித்தான் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்" என்றார். காரமில்லாமல், வயிற்றுக்கு இதமாகக் கொடுக்கும் பத்தியத்துக்கு வைத்திய ஆங்கிலத்தில் அதுதான் பெயர். நான் சொன்ன குறை, சமையலறை தன் கடமையைச் சரியாகச் செய்ததற்கான சாட்சியாகிவிட்டது.

பிழை தாதியுடையதல்ல. இலத்தீனில் 'பிளாண்டுஸ்' என்றால் இதமானது, நயந்து பேசுவது. ஆங்கிலத்துக்குள் வந்தபோதும் அது மென்மையான பேச்சு, இளங்காற்று என்று நல்ல பொருளையே சுமந்து வந்தது. சலிப்பூட்டுவது என்ற பொருள் பிறகு ஒட்டிக்கொண்டது.

'ஸ்டேல்' என்ற சொல்லின் கதை இன்னும் வேடிக்கையானது. மத்தியகால இங்கிலாந்தில், வடித்த மது போதிய காலம் இருந்து, மண்டி அடியில் தங்கித் தெளிந்தால் அதை 'ஸ்டேல்' என்றார்கள். அது அப்போது புகழ்ச்சி. காய்ந்த பாணுக்குரிய வசையாக அது மாறியது பின்னர்தான். நாமோ பழையதையும் ஊசிப்போனதையும் இன்றுவரை குழப்பிக்கொள்வதில்லை.

'இன்சிப்பிட்' என்றால் சுவையற்றது. அதன் வேரான 'சாபெரே' என்ற இலத்தீன் சொல்லுக்குச் சுவைத்தல், அறிதல் என்று இரண்டு பொருள். மனித இனத்துக்கு லின்னேயஸ் 1758இல் இட்ட 'ஹோமோ சேபியன்ஸ்' என்ற பெயரும் அதே வேரிலிருந்து வந்ததுதான். ரசமும் ரசிகனும் ஒரே வேரில் நிற்கும் மொழிச்சூழலில் வளர்ந்த நமக்கு இது புதிதல்ல. ஆனால் ஆங்கிலத்தில் 'இன்சிப்பிட்' மனிதரையும் பேச்சையும் குறிக்கப் போய்விட்டது. சேறுபோல் கெட்டியானதைக் குறித்த 'ஸ்டொஜி'யும் களிபோன்ற பண்டத்திலிருந்து சலிப்பூட்டும் புத்தகத்துக்கு நகர்ந்தது. சாப்பாட்டைக் குறை சொல்ல எடுக்கும் சொல் சமைத்தவரையும் குத்திவிடலாம். அதனால்தான் பலர் 'நைஸ்' என்பதற்குள் ஒளிந்துகொள்கிறார்கள்.

இந்த ஒளிதலை ஆங்கிலேயரே கேலி செய்திருக்கிறார்கள். 1895 நவம்பரில் 'பஞ்ச்' இதழில் ஜோர்ஜ் டு மோரியே வரைந்த கேலிச்சித்திரம் ஒன்று. ஆயர் வீட்டு மேசையில் இளம் உதவிக்குரு ஒருவருக்குக் கெட்ட முட்டை வந்துவிடுகிறது. ஆயரே அதைக் கவனித்துச் சொல்கிறார். இளைஞரோ பதறிப்போய், இதில் சில பகுதிகள் மிக நன்றாக இருக்கின்றன என்கிறார். முட்டை பாதி மட்டும் கெட்டுப்போகாது என்பதுதான் நகைச்சுவை. ஆனால் 'உதவிக்குருவின் முட்டை' என்ற தொடர் இன்று நன்மையும் தீமையும் கலந்த எதற்கும் வழங்குகிறது. மழுப்பலைக் கேலி செய்யப் பிறந்த தொடரே மழுப்பலாகிவிட்டது.

பிறகு வந்தது பங்கீட்டுக் காலம். 1940இல் தொடங்கிய உணவுப் பங்கீடு 1954 ஜூலையில்தான் முற்றாக முடிந்தது. போரின்போதுகூடப் பங்கீட்டுக்குள் வராத பாண், போர் முடிந்தபின் 1946 முதல் 1948 வரை பங்கிடப்பட்டது. கிடைத்ததைப் பேசாமல் தின்பதே நற்பண்பாயிருந்த அந்த நாட்களில், ரேமண்ட் போஸ்ட்கேட் என்ற எழுத்தாளர் உணவுக் கொடுமையைத் தடுக்க ஒரு சங்கம் வேண்டும் என்று பாதி விளையாட்டாக எழுதினார். அதன் விளைவாக 1951இல் 'தி குட் ஃபூட் கைட்' வெளிவந்தது. எந்த உணவகத்தில் சாப்பாடு எப்படி இருந்தது என்று சாதாரண மக்களே எழுதி அனுப்பிய குறிப்புகளால் ஆன நூல் அது. எங்கோ ஒரு மேசையில் விழுங்கிக்கொண்ட சொற்களை அவர்கள் தாளில் எழுதினார்கள்.

மறுநாள் காலை நானும் அப்படியே செய்தேன். 'பிளாண்ட்' என்ற சொல்லைக் கைவிட்டு மூன்று குறைகளைத் தாளில் எழுதிக் கொடுத்தேன்: உப்பில்லை, அளவுக்கு மீறி வெந்திருக்கிறது, ஆறிப்போய் வருகிறது. உப்பு கொடுக்கலாமா என்று தாதி வைத்தியரிடம் கேட்டு வந்தார். மதியம் சூப் ஆவி பறக்க வந்தது. பக்கத்தில் ஒரு சிறிய உப்புப் பொட்டலம். அம்மா பாதியைக் குடித்தார்.

"எப்படியம்மா?" என்று கேட்டேன்.

"பரவாயில்லை" என்றார்.

அந்தச் சொல்லை எப்படி ஆங்கிலத்தில் சொல்வது என்று தாதி என்னைக் கேட்கவில்லை. நல்லவேளை.