ஈயும் பூமாவும்

சரித்திரம் எழுதுகிறவர்கள் அரசர்களுக்கு அத்தியாயம் அத்தியாயமாக ஒதுக்குவார்கள். ஈக்கு ஒரு வரி தரமாட்டார்கள். அமெரிக்காவிலுள்ள ப்ளோரிடா ராஜ்யத்தின் காட்டுக் கதையைப் படித்தபோது, அந்த ஒரு வரியைத் தந்தே ஆகவேண்டும் என்று எனக்குப் பட்டது.

அங்கே வெள்ளை வால் மான் உண்டு. அதைத் தின்று வாழும் பூமா உண்டு. இரண்டுக்கும் நடுவே புகுந்தது திருகுப்புழு ஈ. தாய் ஈ புண்ணின் ஓரத்தில் 200, 300 முட்டைகள் இடும். பிறந்த மான்குட்டியின் ஆறாத தொப்புளே அதற்குப் போதும். புழுக்கள் உயிருள்ள சதையைத் தின்னும். குட்டி மாண்டால், பூமாவின் நாளைய ஆகாரமும் மாண்டது என்றுதானே பொருள்?

ஈயை ஒழிக்கப் புறப்பட்டவர்கள் பூமாவை நினைக்கவில்லை. மாட்டுப் பண்ணைக்காரரின் நஷ்டத்தையே நினைத்தார்கள். பெண் ஈ ஒரே ஒரு முறைதான் கூடும். ஆகவே, மலடாக்கிய ஈக்களை ஏராளமாகப் பறக்கவிட்டால் வம்சமே அற்றுப்போகும் என்று கணக்குப் போட்டார் எட்வர்ட் நிப்லிங். 1954-இல் குராசோ தீவில் அது பலித்தது. 1959-இல் ப்ளோரிடாவிலும் ஈ ஒழிந்தது. மான்கள் பெருகின.

பூமா பெருகியதா? இல்லை. வேட்டையும், காட்டை அழித்து எழுந்த வீடுகளும் சாலைகளும் அதை மூலையில் ஒடுக்கிவிட்டன. 1990-களின் தொடக்கத்தில் எஞ்சியவை 20 முதல் 30 வரைதான். நெருங்கிய உறவுக்குள்ளேயே கூடிக் கூடி இனம் நலிந்தது. 1995-இல் டெக்ஸாஸிலிருந்து 8 பெண் பூமாக்களைக் கொண்டுவந்து விட்ட பிறகே அந்த இனம் தலையெடுத்தது.

ஈயை வென்ற சாமர்த்தியத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இலை போட்டுப் பரிமாறிய மனிதன், விருந்தாளிக்கு உட்கார இடம் வைக்க மறந்துவிட்டான்.