எக்கோ எடுத்தாச்சே... குழந்தைக்கு இதய எம்.ஆர்.ஐ எதுக்கு? பெற்றோர் தெரிஞ்சுக்க வேண்டியவை

பிறக்கும் 100 குழந்தைகளில் ஏறத்தாழ ஒரு குழந்தைக்கு இதயத்தில் பிறவிக் குறைபாடு இருக்கிறது. பெரும்பாலும் எக்கோ பரிசோதனையே போதும். ஆனால் ஆபரேஷன் முடிந்து ஓடி விளையாடும் குழந்தைக்கும் சில நேரம் 'கார்டியாக் எம்.ஆர்.ஐ எடுத்துடலாம்' என்பார் டாக்டர். நல்லாத்தானே இருக்கு, இன்னொரு ஸ்கேன் எதுக்கு?

எக்கோவில் என்ன சிக்கல்?

எக்கோ ஒலி அலைகளால் படம் எடுக்கிறது. எலும்பையும் காற்று நிறைந்த நுரையீரலையும் அந்த அலைகளால் சரியாகத் தாண்ட முடியாது. இதயத்தின் வலது கீழறை மார்பெலும்புக்குப் பின்னால் இருப்பதால், குழந்தை வளர வளர அதை முழுசாகப் பார்ப்பது கஷ்டம். எம்.ஆர்.ஐ எந்தக் கோணத்திலும் படம் எடுக்கும். எக்ஸ்ரே, சி.டி போல கதிர்வீச்சு கிடையாது என்பதால் தேவைப்படும்போது திரும்பவும் எடுக்கலாம்.

யாருக்கு ரொம்ப முக்கியம்?

'டெட்ராலஜி ஆஃப் ஃபேலோ' பிரச்னைக்கு ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு. உடல் நீலம் பாரிக்கும் இந்தக் குறைபாட்டில், இதயத்தில் உள்ள ஓட்டையை அடைத்து, நுரையீரலுக்குப் போகும் குறுகிய பாதையை அகலப்படுத்துவார்கள். அதன்பின் பலருக்கு அங்குள்ள வால்வு கசியும். நுரையீரலுக்குப் போன ரத்தத்தில் ஒரு பங்கு திரும்பி வர, வலது கீழறை மெல்ல மெல்ல வீங்கும். பல வருஷம் வெளியே எந்த அறிகுறியும் தெரியாது.

வால்வை மாற்றத் தாமதித்தால், வீங்கிய அறை பழைய அளவுக்குத் திரும்பாமலே போகலாம். அவசரப்பட்டு மாற்றினாலும் சிக்கல்தான். புது வால்வும் தேய்ந்துவிடும், அதையும் பிறகு மாற்ற வேண்டியிருக்கும்.

சரியான நேரத்தைக் கணிக்கத்தான் எம்.ஆர்.ஐ. அறையின் கொள்ளளவு எத்தனை மில்லி, ஒவ்வொரு துடிப்பிலும் எவ்வளவு ரத்தம் திரும்புகிறது என்று அளந்து சொல்லும். முழுதாக விரிந்த நிலையில் வலது கீழறையின் கொள்ளளவு, உடல் பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 150-160 மில்லியை எட்டும்போது வால்வு மாற்றுவது பற்றி டாக்டர்கள் யோசிப்பார்கள். இந்த எண்ணை மட்டும் வைத்து முடிவெடுப்பதில்லை. இ.சி.ஜி, மூச்சுத்திணறல், இதயம் சுருங்கும் திறன் எல்லாத்தையும் சேர்த்தே பார்ப்பார்கள்.

ஸ்கேன் எப்படி நடக்கும்?

பொதுவாக 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் ஆகும். அசையாமல் படுத்து, சொல்லும்போது மூச்சை அடக்க வேண்டும். கைக்குழந்தைகளுக்குப் பால் கொடுத்து, துணியில் சுற்றித் தூங்க வைத்தே எடுப்பதுண்டு. அசையாமல் இருக்க முடியாத சின்னப் பிள்ளைகளுக்கு மயக்க மருந்து தேவைப்படலாம். அதற்கு எத்தனை மணி நேரம் வெறும் வயிறு என்று முன்கூட்டியே கேட்டுக்கோங்க. இயந்திரச் சத்தம் அதிகம் என்பதால் காதுக்கு ஹெட்போன் தருவார்கள்.

மறக்காமல் சொல்ல வேண்டியவை

பேஸ்மேக்கர், காதுக்குள் பொருத்திய கருவி இருந்தால் கட்டாயம் சொல்லுங்க. ஸ்டென்ட், காயில் பெரும்பாலும் தடையில்லை, இருந்தாலும் சொல்லணும். நரம்பு வழியாக கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றலாம் என்பதால் சிறுநீரகப் பிரச்னை, அலர்ஜி பற்றியும் தெரிவிக்க வேண்டும். சளி, காய்ச்சல் இருந்தால் மயக்க மருந்தைத் தள்ளிப்போடுவார்கள்.

முக்கியமாக, பழைய ரிப்போர்ட்டையும் சி.டி-யையும் பத்திரமா வைங்க. அறை எவ்வளவு வீங்கியிருக்கு என்பது மட்டுமல்ல, போன ஸ்கேனுக்கும் இதுக்கும் நடுவில் எவ்வளவு மாறியிருக்கு என்பதும் டாக்டருக்குத் தெரிய வேண்டும்.