முதல் சொல்லாத வட்டி: முட்டை ஆய்வுகளும் மக்களின் மறுமொழியும்

இரவு ஒன்பது மணிக்கு மேல் சூடுபிடிக்கும் ஒரு பரோட்டாக் கடையில், தோசைக்கல்லுக்குப் பக்கத்தில் எப்போதும் ஓர் எவர்சில்வர் டம்ளர் இருக்கும். 'ஒயிட் ஆம்லெட்' கேட்பவர்களுக்காக மாஸ்டர் முட்டையை உடைத்து, மஞ்சள்கருவை ஓட்டின் ஒரு பாதியிலிருந்து மறுபாதிக்கு மாற்றி மாற்றி வெள்ளையை வடித்துவிட்டு, மிஞ்சிய மஞ்சளை அந்த டம்ளரில் நழுவவிடுவார். ஒருநாள் அப்படிக் கேட்டவரிடம் பக்கத்து இலைக்காரர் சொன்னார்: "இப்ப மஞ்சக்கரு சாப்பிடலாம்னு சொல்லிட்டாங்கண்ணே." அவர் தலையைத் திருப்பாமலே பதில் சொன்னார்: "நேத்து வேணாம்னாங்க, இன்னைக்குச் சாப்பிடலாங்கிறாங்க. நாளைக்கு என்ன சொல்வாங்களோ!"

இந்தப் பதிலைக் கேட்கும் அறிவியலாளர் பெரும்பாலும் அதை அறியாமைக் கணக்கில் எழுதிவிடுவார். மக்களுக்கு அறிவியல் போதவில்லை, ஊட்டினால் சரியாகும் என்ற இந்தப் பார்வைக்கு நெடுநாள் செல்வாக்கு உண்டு. 1985இல் லண்டன் ராயல் சொசைட்டி வெளியிட்ட, பொதுமக்களின் அறிவியல் புரிதல் பற்றிய அறிக்கையையும் பிற்கால ஆய்வாளர்கள் இந்தப் பார்வையின் எடுத்துக்காட்டாகவே விமரிசித்தார்கள். என் வாதம் வேறு. மக்கள் ஆய்வுக்கு மறுமொழி சொல்வதில்லை. ஆய்வு எந்த வாக்கியமாக வந்து சேர்ந்ததோ அந்த வாக்கியத்துக்குச் சொல்கிறார்கள். அந்த வாக்கியத்துக்கு அவர்கள் தரும் பதில் பெரும்பாலும் சரியானது.

முட்டையின் கதையையே எடுத்துக்கொள்ளலாம். 1968இல் அமெரிக்க இதயச் சங்கம் உணவுக் கொலஸ்ட்ராலுக்கு நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் என்று வரம்பு கட்டியது. வாரத்துக்கு மூன்று மஞ்சள்கருவுக்கு மேல் வேண்டாம் என்றது. அந்த அறிவுரை மெல்ல நம் ஊர் மருத்துவர்களின் வாய்மொழியாகவும் ஆனது. தமிழ்நாட்டில் முட்டைக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று சத்துணவில் நுழைந்த முட்டை, படிப்படியாகக் கூடி 2010இல் வாரத்தின் ஐந்து பள்ளி நாள்களுக்கும் வந்துவிட்டது. ஒரே வீட்டில் பிள்ளைக்கு அரசு முழு முட்டை கொடுத்தது, அப்பாவுக்கு மருத்துவர் பாதி முட்டையைத் தடுத்தார். இதில் முரண் ஏதும் இல்லை. வளரும் பிள்ளையின் தேவை வேறு, நடுவயதுக்காரரின் இதயம் வேறு. ஆனால் 'யாருக்கு' என்ற சொல் இரு பக்கமும் உதிர்ந்துபோனபின், முட்டை நல்லதா கெட்டதா என்ற ஒற்றைக் கேள்விதான் வீட்டில் மிஞ்சியது.

2015இல் அமெரிக்க அரசின் உணவு ஆலோசனைக் குழு, மக்கள் கொலஸ்ட்ராலை அளவுக்கு மீறி உண்கிறார்கள் என்று கவலைப்பட வேண்டியதில்லை என்றது. 300 மில்லிகிராம் வரம்பு அடுத்து வந்த வழிகாட்டுதலில் இடம்பெறவில்லை. 2019 மார்ச்சில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழான 'ஜாமா'வில், ஆறு ஆய்வுக் குழுக்களைச் சேர்ந்த 29,615 பேரின் தரவைக் கொண்டு எழுதிய கட்டுரை வந்தது: நாளொன்றுக்குக் கூடுதலாக அரை முட்டை உண்பதோடு இதயக் குருதிக்குழாய் நோய் 6 சதவீதம் கூடுதலாகக் காணப்பட்டது. சரியாக ஓராண்டு கழித்து, 2020 மார்ச்சில், பிரிட்டனின் 'பிஎம்ஜே' இதழில் ஹார்வர்டு ஆய்வாளர்கள் நாளொன்றுக்கு ஒரு முட்டை வரை அப்படிப்பட்ட தொடர்பு தென்படவில்லை என்று எழுதினார்கள். ஆசியக் குழுக்களில் இடர் சற்றுக் குறைவாகவே இருந்ததாகவும் சொன்னார்கள்.

பரோட்டாக் கடை வாடிக்கையாளரின் "நேத்து, இன்னைக்கு, நாளைக்கு" என்பது இந்த வரலாற்றின் தவறான சுருக்கம் அல்ல. சொல்லப்போனால், ஓர் ஆய்வை மட்டும் நம்பி நடக்காதே என்பது ஆய்வு முறையியலின் பாலபாடம். ஷோன்ஃபெல்ட், அயோனிடிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு சமையல் புத்தகத்திலிருந்து 50 பொருள்களைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தது போல் எடுத்து, எவற்றுக்கெல்லாம் புற்றுநோயோடு தொடர்பு பேசப்பட்டிருக்கிறது என்று தேடினார்கள். 40 பொருள்களுக்கு ஆய்வுக் கட்டுரை கிடைத்தது. 2013இல் வெளியான அந்தத் தேடலின் முடிவும் வாடிக்கையாளரின் சலிப்பும் ஒன்றுக்கொன்று அவ்வளவு தூரத்தில் இல்லை.

இனி வாக்கியத்துக்கு வருவோம். தமிழில் இந்தச் செய்திகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்க்கப்படுகின்றன: 'தினமும் முட்டை சாப்பிட்டால் மாரடைப்பு: ஆய்வில் அதிர்ச்சித் தகவல்.' இதில் வேலை செய்வது 'அதிர்ச்சி' அல்ல, 'சாப்பிட்டால்' என்பதில் உள்ள 'ஆல்'. நெருப்பைத் தொட்டால் சுடும், பால் புளித்தால் தயிர் என்பது போல, விலக்கில்லாத விதிகளை நாம் சொல்லும் வடிவம் இது. விதியாகச் சொன்ன ஒன்றை மறுக்க ஒரே ஒரு விலக்கு போதும். "எங்க தாத்தா தெனம் ரெண்டு முட்டை சாப்பிட்டாரு, தொண்ணூறு வயசு வரைக்கும் கல்லு மாதிரி இருந்தாரு" என்று ஒருவர் சொல்லும்போது நாம் சிரிக்கிறோம். தருக்க முறைப்படி அவர் செய்தது செம்மையான மறுப்பு. ஆய்வு சொன்னது விதியே அல்ல, விகிதம். தாத்தாக்களையும் உள்ளடக்கிய விகிதம். அது வழியில் எங்கோ தொலைந்துவிட்டது.

எங்கே தொலைந்தது? பத்திரிகையாளரைக் கைகாட்டுவது எளிது. ஆனால் 2014இல் 'பிஎம்ஜே'யில் சம்னரும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு வேறு இடத்தைக் காட்டியது. பிரிட்டனின் 20 முன்னணிப் பல்கலைக்கழகங்கள் 2011இல் தந்த, உடல்நலம் சார்ந்த 462 பத்திரிகைக் குறிப்புகளை அவர்கள் மூலக் கட்டுரைகளோடு ஒப்பிட்டார்கள். 33 சதவீதக் குறிப்புகளில் வெறும் தொடர்பு, 'காரணம்' என்று ஊதிப் பெருக்கப்பட்டிருந்தது. குறிப்பு அப்படி மிகைப்படுத்தியபோது செய்திகளில் 81 சதவீதம் மிகைப்படுத்தின. குறிப்பு அடக்கமாக இருந்தபோது 18 சதவீதம் மட்டுமே. இது தொடர்பைக் காட்டும் ஆய்வுதான், காரணத்தை நிறுவுவது அல்ல. அந்த எச்சரிக்கையோடுதான் இதை இங்கே வைக்கிறேன். என்றாலும், பல்கலைக்கழக வாசலிலேயே முறுக்கேறிய வாக்கியத்துக்குத் தெருவைக் குறை சொல்வது நியாயமல்ல.

இன்னொரு சிக்கல் 'ஆபத்து' என்ற சொல். தமிழில் ஆபத்து என்பது முன்னால் வந்து நிற்பது; பாம்பு ஆபத்து, உடைந்த படி ஆபத்து. புள்ளியியலில் அது நிகழக்கூடியதன் அளவு. 2015 அக்டோபர் 26 அன்று, பதப்படுத்திய இறைச்சி மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் லியோன் நகரப் புற்றுநோய் ஆய்வு முகமை அறிவித்தது. 10 நாடுகளின் 22 வல்லுநர்கள், 800க்கும் மேற்பட்ட ஆய்வுகளைப் பார்த்து எடுத்த முடிவு. தினமும் உண்ணும் ஒவ்வொரு 50 கிராமுக்கும் பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து 18 சதவீதம் கூடும் என்றார்கள். பலரும் கேட்டது: நூற்றில் பதினெட்டுப் பேருக்குப் புற்றுநோய். பிரிட்டனுக்குப் போடப்பட்ட கணக்கு அப்படியில்லை: மிகக் குறைவாக உண்பவர்களில் ஆயிரத்துக்கு 56 பேர், மிக அதிகம் உண்பவர்களில் ஆயிரத்துக்கு 66 பேர். வாழ்நாள் முழுவதற்கும் சேர்த்து ஆயிரத்துக்குப் பத்துப் பேர் கூடுதல். முகமையின் பட்டியலில் புகையிலை இருக்கும் அதே முதல் பிரிவில் இறைச்சியும் வந்ததால், இரண்டும் ஒரே அளவு கொடியவை என்று செய்தி பரவியது. அந்தப் பிரிவு சான்றின் உறுதியைக் குறிப்பது, தீங்கின் அளவை அல்ல. மூன்றே நாளில், அக்டோபர் 29 அன்று, இறைச்சியை அடியோடு நிறுத்தச் சொல்லவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் விளக்க அறிக்கை விட வேண்டியதாயிற்று.

மக்களுக்கு விகிதம் புரியாது என்பாருக்கு ஒரு பதில் உண்டு. "நூத்துக்கு ரெண்டு வட்டி" என்றால் எழுதப் படிக்கத் தெரியாதவரும் உடனே மூன்றைக் கேட்பார்: முதல் எவ்வளவு, மாசத்துக்கா வருஷத்துக்கா, எத்தனை மாசம்? 'ஆபத்து 18 சதவீதம் கூடும்' என்பது முதல் சொல்லாத வட்டி. 'ஜாமா' முட்டை ஆய்வை வட்டிக் கணக்கில் சொன்னால் இப்படி வரும்: தினம் அரை முட்டை கூடுதலாக உண்டவர்களில், சுமார் பதினேழரை ஆண்டில், நூற்றுக்கு ஏறத்தாழ ஒருவர் கூடுதலாக நோயாளி ஆனார். கூடவே இன்னொன்றும்: என்ன சாப்பிடுகிறீர்கள் என்று அவர்களிடம் ஆய்வின் தொடக்கத்தில் ஒரே ஒரு முறைதான் கேட்டார்கள். இதைப் பரோட்டாக் கடையில் சொல்லிப் பாருங்கள். "ஒரு தடவ கேட்டுட்டுப் பதினேழு வருஷமா?" என்ற கேள்வி உடனே வரும். கட்டுரையை மதிப்பிட்ட வல்லுநர்கள் எழுப்பிய கேள்வியும் அதுவே.

இத்தகைய கேள்விக்குக் காது கொடுக்காததன் விளைவை அறிவியல் சமூகவியலாளர் பிரையன் வின் 1992இல் எழுதிய கட்டுரையில் காணலாம். 1986 செர்னோபில் விபத்துக்குப் பின் இங்கிலாந்தின் கம்ப்ரியா மலைகளில் கதிரியக்க மழை பெய்தது. ஆட்டு விற்பனைக்கு விழுந்த தடை மூன்றே வாரத்தில் நீங்கும் என்றார்கள் அறிவியலாளர்கள். அந்தக் கணிப்பு களிமண் நிலத்தை வைத்துப் போட்டது. மலையில் இருந்ததோ புளிப்பேறிய கரி மண். கடைசிக் கட்டுப்பாடு 2012இல்தான் நீங்கியது. இடையில், பெண்டோனைட் களிமண்ணைப் புல்லில் தூவிச் சோதிக்க ஆடுகளை வேலிக்குள் அடைத்தார்கள். திறந்த மலையில் மேய்ந்த ஆடு அடைத்தால் மெலியும், சோதனை பிழைக்கும் என்று விவசாயிகள் சொன்னார்கள். கேட்கவில்லை, பிறகு அந்தச் சோதனை ஓசையில்லாமல் கைவிடப்பட்டது.

மக்கள் பக்கம் பேசிவிட்டு அவர்கள் பிழையை மறைப்பது சரியல்ல. எல்லா அறிவுரையும் மாறக்கூடியதே என்ற சலிப்பு முட்டையோடு நிற்பதில்லை. அதே வாய், "தாத்தா சாகுற வரைக்கும் பீடி குடிச்சாரு" என்றும் சொல்கிறது. புகையிலையின் கணக்கு 1950களிலிருந்து ஒரே திசையில்தான் போயிருக்கிறது. 2015இல் சொல்லப்பட்ட மதிப்பீட்டின்படி, உலகில் ஆண்டுதோறும் புகையிலையால் வரும் புற்றுநோய்ச் சாவு சுமார் பத்து லட்சம். பதப்படுத்திய இறைச்சி மிகுந்த உணவால் சுமார் 34,000. இரண்டையும் ஒரே 'ஆல்' கொண்டு எழுதினால், இரண்டையும் ஒரே தோள்குலுக்கலால் தள்ளிவிடுகிறார்கள். மாறும் முடிவையும் மாறாத முடிவையும் பிரித்துப் பார்க்க வாக்கியத்திலேயே இடம் வேண்டும். நம் செய்தி வாக்கியத்தில் அது இல்லை.

ஆகவே தமிழில் அறிவியல் செய்தி எழுதுவோரிடமும், அவர்களுக்குக் குறிப்பு அனுப்பும் பல்கலைக்கழகங்களிடமும் கேட்பது ஒன்றுதான். 'ஆய்வில் தகவல்' என்று முடிக்கும் இடத்தில் ஒரு வரி சேருங்கள்: எத்தனை பேரில், எத்தனை ஆண்டில், எத்தனை பேர் கூடுதல். கந்துவட்டிக்காரர்கூட முதலைச் சொல்லிவிட்டுத்தான் வட்டி பேசுகிறார்.