ஒருஸ

காரைக்குடிப் பக்கம் கல்யாணப் பந்தியில் கவுனி அரிசி கட்டாயம் உண்டு. முந்தின இரவே ஊறப்போட்டு, குழைய வேகவைத்து, சர்க்கரை, தேங்காய்ப்பூ, நெய் சேர்த்துக் கிளறுவார்கள். வடித்த தண்ணீரும் கருஞ்சிவப்பாக நிற்கும். பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போன நகரத்தார் கொண்டுவந்தது என்பார்கள்.

பண்டத்தைப் போலப் பெயரும் ஊர்விட்டு ஊர் போகும். அரிசிக்குப் பழைய கிரேக்கத்தில் ‘ஒருஸ’ என்று பெயர். பெண்பால் பெயர். அரிசி, அரிசியின், அரிசியை என்று நாம் உருபு ஒட்டுவதுபோல் அதுவும் வேற்றுமைக்கு ஈறு மாறும்: எழுவாய் ‘ஒருஸ’, ஆறாம் வேற்றுமை ‘ஒருஸேஸ்’, இரண்டாம் வேற்றுமை ‘ஒருஸன்’. நம் உருபைப் பிரித்தெடுத்துவிடலாம். அவர்கள் ஈற்றில் எண்ணும் வேற்றுமையும் ஒன்றாய்க் கலந்திருக்கும். செடிகளைப் பற்றி எழுதிய தியோபிராஸ்டஸ் ‘ஒருஸொன்’ என்று அஃறிணைப்பாலில் வைக்கிறார். புதிய பண்டத்தின் பெயர் அப்போது நிலைப்படவில்லை போலும். பெரிப்ளூஸ் என்ற பழைய கிரேக்கக் கடல்வணிகக் கையேட்டில், சேரக்கரை உள்ளிட்ட இந்தியத் துறைகளிலிருந்து சொகோத்ரா தீவுக்குப் போன சரக்குகளில் ‘ஒருஸ’வும் ஒன்று. 1753இல் லின்னேயஸ் நெல்லுக்கு ‘ஒரைசா சட்டைவா’ என்று பெயரிட்டபோது இதே சொல்தான் லத்தீன் வழியாக வந்து உட்கார்ந்தது.

‘அரிசி’யே ‘ஒருஸ’ ஆயிற்று என்றார் கால்டுவெல். மேடைகளில் இன்றும் கைதட்டல் வாங்கும் செய்தி. எனக்கு அது அவ்வளவு உறுதியாகப் படவில்லை. தியோபிராஸ்டஸ் எழுதியது அலெக்சாந்தர் படையெடுப்பை ஒட்டிய காலம். யவனக் கப்பல்கள் முசிறிக்கு மிளகு ஏற்ற வந்தது பிற்பாடு. ஈரானிய மொழியான பஷ்தோவில் அரிசி ‘வ்ரிஜே’, சமஸ்கிருதத்தில் ‘வ்ரீஹி’. சொல் ஈரான் வழியாகத் தரைமார்க்கமாகப் போயிருக்கவே வாய்ப்பு அதிகம். ‘வ்ரீஹி’க்கே திராவிட வேர் தேடுவோரும் உண்டு, அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.